பங்குனியில் வெட்டிய மூங்கில்: ஓர் உளுவண்டு பற்றிய நிகழ்வு ஆய்வு

புகார் கிளம்பியது சாப்பாட்டுப் பந்தியிலிருந்து. ஆனைமலை அடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்பு. அதற்குள் விருந்தினர் தங்க நாலு அறை, நடுவில் மூங்கில் கூரை போட்ட சாப்பாட்டுக் கூடம். ஆடி மாதம் ஒரு நாள் இலை போட்டு உப்பு வைத்து நிமிர்வதற்குள், உப்புக்குப் பக்கத்தில் வெளிர்மஞ்சளாக இன்னொரு பொடி விழுந்து கிடந்திருக்கிறது. பரிமாறியவர் துடைத்துவிட்டு வேறு இலை போட்டார். சோறு வருவதற்குள் அதிலும் விழுந்தது.

அன்று மாலையே தோட்டக்காரர் எனக்குப் போன் செய்தார். மூங்கிலைப் பதப்படுத்தி வீடும் கொட்டகையும் கட்டுவது என் தொழில். ஆனால் இந்தக் கூடத்தைக் கட்டியது நான் இல்லை.

“ஏனுங்க, கூடந் தெறந்து மூணு மாசங்கூட ஆகலீங்க. மேலிருந்து மாவாக் கொட்டுது. ரெண்டு வாட்டி மருந்தடிச்சாச்சுங்க. அடிச்ச அன்னைக்கு நிக்குது, நாலாம் நாள் மறுபடி கொட்டுது. கரையானுங்களா?”

கரையான் என்றால் மாவு கொட்டாது என்று சொன்னேன். ஈரமண் கரையான் மண்ணால் கூடு கட்டி ஏறிவரும். உலர்மரக் கரையான் கொட்டுவதும் பொடியில்லை, கசகசா போலக் கெட்டியான மணிகள். விரலுக்கிடையில் உருட்டினால் நெறுநெறுக்கும், லென்ஸில் பார்த்தால் ஆறு பட்டை தெரியும். அவர் சொன்ன பொடி சலித்த மைதா போல விரலில் வழுவழுவென்று ஒட்டியதாம். பாதி விடை போனிலேயே வந்துவிட்டது. மீதிக்கு நேரில் போனேன்.

கூடத்தில் கண்டது

பார்வைக்குக் கூடத்தில் ஒரு குறையும் இல்லை. கால்களும் கூரைச் சட்டங்களும் முள்மூங்கில். கைப்பிடிக் கிராதியும் கூரைக்கு அடியில் அலங்காரமாக அடித்த பிளாச்சும், அதாவது பிளந்த மூங்கில் பட்டைகளும், மஞ்சள் மூங்கில், பச்சைக் கோடு ஓடிய அழகான ரகம். எல்லாவற்றுக்கும் மேலே பளபளவென்று வார்னிஷ். பூச்சி மருந்தும் அந்த வார்னிஷ் மேல்தான் அடிக்கப்பட்டிருந்தது.

தரையைச் சுத்தமாகப் பெருக்கச் சொல்லி, கறுப்புச் சார்ட் தாள்களை வரிசையாக விரித்துவிட்டு இரவு அங்கேயே தங்கினேன். காலையில் பார்த்தால் தாள் முழுக்கப் பொடி தூவியிருக்கவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னச் சின்னக் கூம்புகள், எறும்புப் புற்று வாய்போல. ஒவ்வொரு கூம்புக்கும் நேர்மேலே ஏணி வைத்து ஏறிப் பார்த்துச் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டே வந்தேன். மத்தியானத்துக்குள் படம் தெளிவாகிவிட்டது. வட்டங்கள் கழியின் நடுவுடம்பில் மிகக் குறைவு. கழியின் வெட்டுமுனை, சட்டமும் காலும் சேருமிடத்தில் மீன்வாய் போலக் குடைந்த பொருத்து, போல்ட்டுக்குத் துளையிட்ட இடம், கிளை கழித்த கணு, பிளாச்சின் உள்பக்கம் என்று இந்த ஐந்து இடங்களில்தான் நெருக்கமாக இருந்தன. ஓட்டைகள் குண்டூசித் தலை அளவு. வட்டம் என்றால் அச்சு வட்டம்.

கிராதியிலிருந்து ஒரு மஞ்சள் கழியைக் கழற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டேன். விரலால் தட்டினால் ‘டங்’ என்று வரவேண்டிய சத்தம் ‘பொத்’ என்று வந்தது. அரிவாளை முனையில் வைத்து ஒரு தட்டு. பிளப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. தோல் மட்டும் பளிங்குபோல முழுசாக இருந்தது, வார்னிஷ் கூடப் பெயரவில்லை. தோலுக்கு உள்ளே சுவர் முழுவதும் மாவு. கட்டைவிரலால் அழுத்தியதும் உள்ளே போய்விட்டது. அந்த மாவுக்குள் நார்கள் மட்டும் வெற்றிலைக் காம்பு நரம்புபோலத் தனித்தனியாகத் தொங்கின. தோட்டக்காரர் பின்னால் நின்று ஒன்றும் பேசவில்லை. அந்தக் கிராதியில் சாய்ந்துதான் விருந்தினர்கள் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

மாவைக் கறுப்புத் தாளில் கொட்டி ஊதினேன். மிளகில் பாதிகூட இல்லாத பழுப்பு உருண்டைகள் நாலைந்து மிஞ்சின. தொட்டதும் கால்களை மடக்கிக்கொண்டு செத்ததுபோலக் கிடந்தன. ஒரு நிமிடம் சும்மா விட்டதும் எழுந்து நடந்தன.

மூன்று மில்லிமீட்டர் உருளை

இதன் பெயர் டைனோடெரஸ் மைனூட்டஸ். 1775-ல் ஃபாப்ரீசியஸ் பெயரிட்டது. ஆசியப் பூச்சிதான், ஆனால் மூங்கிலோடும் மூங்கில் சாமான்களோடும் கப்பலேறி வெப்பநாடுகள் முழுக்கப் பரவிவிட்டது. நம் ஊரில் கூடை முடைகிறவர்கள் ‘உளு’ என்றோ வெறுமனே ‘வண்டு’ என்றோ சொல்லுவார்கள். வட இந்தியாவில் ‘குன்’. 1910-லேயே ஸ்டெப்பிங் என்ற வனப்பூச்சி ஆய்வாளர் இந்த வண்டிடமிருந்து மூங்கிலைக் காப்பது எப்படி என்று இந்திய வனத்துறைக்காகத் தனிக் கையேடு எழுதியிருக்கிறார். புதுத் தொல்லை ஒன்றுமில்லை.

வளர்ந்த வண்டு இரண்டரையிலிருந்து மூன்றரை மில்லிமீட்டர். செம்பழுப்பு, துப்பாக்கி ரவைபோல உருளை வடிவம். மேலேயிருந்து பார்த்தால் தலை தெரியாது. மார்புக் கவசம் முக்காடுபோல முன்னால் வளைந்து தலையை மூடியிருக்கும். அந்த முக்காட்டின் முன்விளிம்பில் வரிசையாகப் பல். கவசத்தின் பின்பகுதியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மெல்லிய குழிகள். பத்து மடங்கு லென்ஸ் இருந்தால் இந்தக் குழி தெரியும். நெருங்கிய உறவுக்கார வண்டுகளிலிருந்து இதைப் பிரிக்க முதலில் பார்க்கிற அடையாளம் அதுதான்.

இதன் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள மூங்கிலின் உடம்பைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். மூங்கில் சுவரில் ஏறக்குறைய 50 சதம் மெத்தென்ற சோற்றுத்திசு, 40 சதம் நார், 10 சதம் நீர் ஏற்றும் குழாய்கள். சோற்றுத்திசுவில்தான் மாவுச்சத்துச் சேமிப்பு. வெளித்தோலில் மெழுகும் சிலிக்காவும் அடுக்கியிருப்பதால் நேராக அதைத் துளைத்து உள்ளே போவது வண்டுக்கு ஆகாத காரியம். அதனால் நாம் திறந்துவிட்ட வாசலைத் தேடிவருகிறது. வெட்டுமுனை, கணுக் காயம், பிளந்த உள்பக்கம். சாக்பீஸ் வட்டங்கள் அந்த ஐந்து இடங்களில் குவிந்ததற்குக் காரணம் இதுதான்.

உள்ளே புகுந்த பெண்வண்டு கழியின் குறுக்கே ஒரு பாதை குடைகிறது. குடையும்போது அறுபடுகிற நீர்க்குழாய்களின் வாய்க்குள் ஒவ்வொன்றாக முட்டை வைக்கிறது. குஞ்சுப்புழு வெள்ளையாக, பிறைபோல வளைந்திருக்கும். அது நாரின் போக்கிலேயே நீளவாக்கில் தின்றுகொண்டு போகும். தின்பதற்கு அதற்கு வேண்டியது மாவுச்சத்தும் சர்க்கரையும்தான். நாரை வைத்துப் பிழைக்க அதனால் முடியாது. வேண்டாததைத் தூளாக்கிப் பின்னால் திணித்துக்கொண்டே போகிறது. நம் இலையில் விழுவது அந்தத் தூள். நம் ஊர் வெப்பத்தில் முட்டையிலிருந்து அடுத்த வண்டு வெளிவர ஒன்றரை மாதம், மிஞ்சினால் இரண்டு மாதம். வெளியே வந்தது வேறு மூங்கில் தேடிப் பறக்கவேண்டும் என்பதில்லை, பிறந்த கழியிலேயே மறுபடி குடைந்து முட்டை வைக்கும். பங்குனிக் கடைசியில் வெட்டிய கழியில் முதல் தாய்வண்டு ஏறியிருந்தால் ஆடியில் நாம் பார்ப்பது பேரன் பேத்தி.

மூங்கில் மட்டுமே அதன் சாப்பாடு என்றும் நினைக்க வேண்டாம். காய்ந்த மரவள்ளிக்கிழங்கு, சோளம், பட்டை என்று மாவும் மணமும் உள்ள பல சரக்கிலும் அகப்பட்டிருக்கிறது. மூங்கில் கொட்டகையில் கிழங்கு வற்றல் மூட்டை அடுக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காததற்கு இதுதான் காரணம்.

மூங்கிலைத் துளைக்கும் வேறு வண்டும் உண்டு. மஞ்சள் உடம்பில் கறுப்பு வளையம் போட்ட நீள்கொம்பு வண்டு ஒன்று, குளோரோஃபோரஸ் அன்யுலாரிஸ். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நீளம், அது வெளியேறும் ஓட்டையில் பென்சில் முனையே நுழையும். உலர்ந்த கழிக்குள் ஒரு வருடத்துக்கு மேலும் புழுவாகவே கிடந்து தின்னும். இந்தக் கூடத்தில் அதன் ஓட்டை ஒன்றுகூட இல்லை என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டேன். இரண்டுக்கும் கால அளவு வேறு என்பதால் சிகிச்சைக்குப் பிறகு எத்தனை நாள் காத்திருந்து பார்க்கவேண்டும் என்ற கணக்கும் வேறு.

ஏன் இந்தக் கூடம்

மிச்சம் வாங்கிய கழிகள் தோப்பின் ஓரத்தில், பழைய விறகுக் குவியலுக்கும் உடைந்த கூடைகளுக்கும் பக்கத்தில் அடுக்கிக் கிடந்தன. அந்தக் கூடைகளைத் தூக்கித் தட்டினாலே மாவு கொட்டியது. பச்சைக் கழி வந்து இறங்கிய இடத்துக்கு எதிர்வீட்டிலேயே வண்டு குடியிருந்திருக்கிறது.

அடுக்கிலிருந்து ஒரு முள்மூங்கிலின் நுனியைப் புதிதாக அறுத்து, காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தைத் தண்ணீரில் கரைத்து நாலு சொட்டு விட்டேன். மாவுச்சத்து இருந்தால் அயோடின் கருநீலமாகும் என்பது பள்ளிக்கூடப் பாடம். சொட்டு விழுந்த இடம் மசி ஊற்றியதுபோல ஆனது. மஞ்சள் மூங்கிலில் இன்னும் கறுப்பு.

தற்செயலாகத்தான் அந்தத் தோப்பில் இதற்கு நேரெதிர் சாட்சியும் கிடைத்தது. அதே லாரியில் வந்த கழிகளில் சிலவற்றைத் தோட்டத்து ஆட்கள் பாசனத் தொட்டிக்குள் போட்டிருக்கிறார்கள். அறுத்த கழி வெயிலில் வெடிக்கக்கூடாது என்பது அவர்கள் எண்ணம். இரண்டு மாதம் தண்ணீருக்குள் கிடந்தவற்றை எடுத்துப் பம்ப் ரூம் சாய்ப்புக்குப் போட்டிருந்தார்கள். பதப்படுத்தியவர் யாருமில்லை, வார்னிஷும் இல்லை. அதில் ஒரு வட்டம்கூட நான் போடவில்லை. நுனி அறுத்து அயோடின் விட்டால் பழுப்பாகவே நின்றது, ஓரத்தில் மட்டும் லேசான நீலம். தொட்டித் தண்ணீரில் மாவும் சர்க்கரையும் கரைந்தும் புளித்தும் போயிருக்கின்றன. நாற்றம் தாங்காமல்தான் கழிகளை வெளியே எடுத்ததாகத் தோட்டத்து ஆள் ஒருவர் சொன்னார். நாற்றம் வந்தது நல்லதுக்கு என்றேன், அவர் நம்பவில்லை.

கழி வெட்டிக் கொடுத்த பெரியவரைப் போய்ப் பார்த்தேன். வெட்டிய தேதியைக் கேட்டதும் அவரே சொல்லிவிட்டார்.

“பங்குனி வெட்டு வேண்டாம்னு சொன்னேன் கண்ணு. லீவுக்குள்ள கூடந் தெறக்கோணும்னு அவசரப்பட்டாங்க. வளர்பிறை வேற.”

பெரியவர் சொன்னதில் முதல் பாதி முழு உண்மை. ஆனைமலைப் பக்கம் தென்மேற்கு மழை இறங்கியதும் மூங்கில் குருத்து விடும். ஒரு குருத்து சில வாரங்களில் முழு உயரம் ஏறுவதற்கான உணவு பழைய கழிகளிலும் கிழங்கிலும் சேமித்த மாவிலிருந்து வரவேண்டும். அதனால் மழைக்கு முந்தைய கோடையில் கழி மாவால் நிறைந்திருக்கும். குருத்து எழுந்து முடிந்ததும் காலியாகிக் கிடக்கும். பங்குனி, சித்திரையில் வெட்டுவது வண்டுக்குப் பந்தி விரிப்பது போலத்தான். இதற்கு இயற்கையே காட்டும் இன்னொரு சான்று, பூத்த மூங்கில். முள்மூங்கில் பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, மூங்கிலரிசி உதிர்த்துவிட்டுச் சாகும். இருந்த மாவெல்லாம் அரிசியாகப் போய்விடுவதால் அந்தச் செத்த கழியை உளு சீந்துவதில்லை.

வளர்பிறை, தேய்பிறை பற்றி அவரோடு நான் வாதாடவில்லை. மாதத்தால் வருகிற வித்தியாசத்துக்கு முன்னால் பிறையால் வருவது ஏதாவது இருந்தாலும் சின்னதாகத்தான் இருக்கும் என்பது என் அபிப்பிராயம். தேய்பிறை என்று ஒரு நாளைக் குறித்துவைத்தால் அவசர வெட்டு தவிர்ந்துபோகிறது, அந்த மட்டில் லாபம்.

ரகமும் காரணம். போர்ட்டோ ரிக்கோவின் மயாகுவேஸ் ஆய்வு நிலையத்தில் ஹெரால்ட் பிளாங்க் 1930-களிலிருந்து 1950 வாக்கில் வரை இந்த ஒரு வண்டைத்தான் துரத்திக்கொண்டிருந்தார். மாவுச்சத்து மிகுந்த கழியைத்தான் வண்டு அதிகம் தாக்குகிறது என்பதை அங்கே அளந்தே காட்டினார்கள். அங்கே படுமோசமாக அடிவாங்கிய ரகம் பாம்புசா வல்காரிஸ். நம் கூடத்தின் அழகான மஞ்சள் மூங்கில் அதே இனத்தின் கோடு போட்ட வடிவம்தான். தோட்டத்து ஓரத்தில் நட அதைவிடக் கண்ணுக்கு இதமான மூங்கில் இல்லை. பதப்படுத்தாமல் வீட்டுக்குள் கொண்டுவர அதைவிட மோசமானதும் இல்லை.

2017 கடைசியில் வனத்துக்கு வெளியே வளர்ந்த மூங்கிலை ‘மரம்’ என்ற சட்ட வரையறையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பட்டா நிலத்து மூங்கிலை வெட்ட, ஏற்ற அனுமதிச் சீட்டு வேண்டாம் என்றானது. நல்ல காரியம். கூடவே, கேட்ட மாதத்தில் கேட்ட கழி என்ற பழக்கமும் வந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆவணியில் மூங்கில் வாங்கப் போனாலும் ‘எப்போ வெட்டினது?’ என்று கேட்கிற ஆளை நான் அதிகம் பார்த்ததில்லை.

கை வைத்தது

முதல் வேலையாக வார்னிஷ் மேல் மருந்தடிப்பதை நிறுத்தச் சொன்னேன். மரக்கட்டையில் நடுவிலிருந்து பட்டைக்குக் குறுக்கே ஓடும் கதிர்த்திசு உண்டு. மூங்கிலில் அது கிடையாது, எல்லாக் குழாயும் நீளவாக்கில்தான். தோல் மேல் பூசுகிற எதுவும் பக்கவாட்டில் உள்ளே இறங்காது. வண்டு நுழைகிற வெட்டுமுனைதான் மருந்துக்கும் வாசல். அடித்த அன்றைக்கு வெளியே நடமாடிய வண்டுகள் செத்திருக்கும், அதனால் பொடி ஓரிரு நாள் நின்றிருக்கும். உள்ளே இருந்த புழுவுக்கு மழை பெய்த சேதிகூடப் போயிருக்காது.

கூடத்தை மூன்றாகப் பிரித்தோம். கிராதி முழுவதையும் கழற்றி அன்றே எரித்தோம். கூரைப் பிளாச்சைக் கழற்றிக் கறுப்புப் பாலித்தீனில் சுற்றி வெயிலில் போட்டுப் பார்த்தோம். மெல்லிய பிளாச்சு என்பதால் சூடு உள்ளே வரை ஏறும், புழு சாகும் என்று நினைத்தேன். ஆவணி மேகத்தில் தோப்புக்குள் அந்தச் சூடு வரவே இல்லை. நாலு நாள் வீணாக்கிவிட்டு அதையும் எரித்தோம். சமவெளியில் சித்திரை வெயிலில் செய்யவேண்டிய வேலை அது.

தாங்கும் கால்களிலும் சட்டங்களிலும் பாதிக்கு மேல் தட்டினால் இன்னும் ‘டங்’ என்றன. அவற்றைக் காப்பாற்றலாம் என்று ஒவ்வொரு கணுவிடையிலும் கணுவை ஒட்டி ஒரு சின்னத் துளை போட்டு, வெண்காரம் (போராக்ஸ்), போரிக் அமிலம் என்ற இரண்டு போரான் சரக்குகளைக் கரைத்த வெந்நீரைக் கால்நடை ஊசிக்குழாயால் உள்ளே செலுத்தினோம். உள்சுவரில் வெளித்தோல் அளவுக்கு மெழுகும் சிலிக்காவும் இல்லை. துளைபோட்ட இடத்தில் குழாய்களும் அறுபட்டிருக்கும். அந்த மட்டுக்குக் கரைசல் ஊறும், சுவர் முழுக்க ஊறும் என்று சொல்ல முடியாது.

இதில் என் தப்பும் ஒன்று உண்டு. முதல் நாள் செய்த வரிசையில் துளைகளை அடைக்காமல் விட்டுவிட்டேன். மறுநாள் மரத்தூளும் பசையும் கலந்து அடைக்கலாம் என்று நினைத்தது மழையால் பத்து நாள் தள்ளிப்போனது. அந்தக் கணுவிடைகளில் சிலவற்றில் வெடிப்பு இருந்திருக்கிறது, கரைசல் வழிந்து போய்விட்டது. மருந்தில்லாத கணுவிடைக்கு நானே சுத்தமாக ஒரு வாசல் போட்டுக் கொடுத்ததாக ஆயிற்று. அடைக்கப் போன அன்று மூன்று துளைகளில் புதுப்பொடி இருந்தது.

புகைமூட்டம் போடலாமா என்று தோட்டக்காரர் கேட்டார். நாலு பக்கமும் திறந்த கூடத்தில் வாயு நிற்காது. பாலித்தீன் கூடாரம் போட்டு அலுமினியம் பாஸ்பைடு வைப்பது உரிமம் பெற்றவர் மட்டும் செய்யவேண்டிய வேலை, பக்கத்திலேயே ஆள் தூங்கும் அறைகள் வேறு. வாயு இருக்கிற புழுவைக் கொல்லும், அடுத்த வாரம் வருகிற வண்டைத் தடுக்காது. வேண்டாம் என்று விட்டோம். இயற்கை எதிரிகளும் இருக்கின்றன. டில்லஸ் நொடேட்டஸ் என்ற சின்ன வேட்டை வண்டு துளைக்குள் புகுந்து இந்தப் புழுவைத் தின்னும், முட்டை வைத்துக் கொல்லும் குளவிகளும் உண்டு. மாவுக்குள் ஒரு வேட்டை வண்டை நானே பார்த்தேன். ஆனால் சாப்பாட்டுக் கூடத்தில் அவற்றை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

ஐப்பசியில் தீர்மானித்தோம்: தாங்கும் கால்கள் நிற்கட்டும், மேலே எல்லாவற்றையும் புதிதாக மாற்றுவோம்.

கார்த்திகை வெட்டு

குருத்தெல்லாம் ஏறி முடிந்தபின் கார்த்திகையில் வெட்டினோம். பெரியவரே வந்தார், தேய்பிறையும் அவரே பார்த்தார். மூன்று வயதுக்கு மேற்பட்ட கழி மட்டும். அதைக் கண்டுபிடிக்க அவருக்கு ஏடு வேண்டாம். இளங்கழியில் கணுவைச் சுற்றி உறை ஒட்டியிருக்கும், உடம்பில் வெள்ளை மாவு பூத்திருக்கும். முற்றிய கழியில் உறை போய், பாசியும் சாம்பல் புள்ளியும் படர்ந்திருக்கும். ஒரு வயதுக்கு உட்பட்ட கழியில் மாவுச்சத்து மிகக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் அது காயும்போது சுருங்கிக் கோணிவிடும், சட்டத்துக்கு ஆகாது.

வெட்டிய கழிகளை இலை கழிக்காமல் ஒரு வாரம் புதரோடு சாய்த்து நிற்கவைத்தோம். இலை உயிரோடிருக்கும் வரை மூச்சுவிட்டுக்கொண்டே தண்ணீரையும் மிச்ச மாவையும் செலவழிக்கும். அடியைக் கல்மேல் தூக்கிவைத்தோம், மண்ணில் பட்டால் வேறு தொல்லை.

பிறகு தொட்டி. நீளமான இரும்புக் கம்பியால் உள்கணுத் தடுப்புகளைக் குத்தித் திறந்தோம். ஒவ்வொரு 100 லிட்டர் தண்ணீருக்கும் வெண்காரம் 3 கிலோ, போரிக் அமிலம் 2 கிலோ. போரிக் அமிலம் வேறொன்றுமில்லை, ஒரு காலத்தில் கேரம் போர்டில் வழுக்கத் தூவிய பவுடர். வெண்காரம் பொள்ளாச்சிப் பக்கம் எந்த உரக்கடையிலும் கிடைக்கும், போரான் பற்றாத தென்னைக்குப் போடுவதுதான். இரண்டும் சேர்ந்தால் தனித்தனியாகக் கரைவதைவிட நன்றாகக் கரையும், வெந்நீரில் சீக்கிரம் ஆகும். இரண்டு வாரம் முங்கிக் கிடக்கட்டும் என்று விட்டோம். மூங்கில் போரானை உறிஞ்ச உறிஞ்சக் கரைசல் நீர்த்துப்போகும், அதனால் ஒவ்வொரு தவணைக்கும் முன் சரக்குச் சேர்த்தோம்.

இதற்கு மாற்று பூஷெரி முறை. வெட்டிய பச்சைக் கழியின் அடியில் ரப்பர் குழாய் மாட்டி, அழுத்தத்தில் கரைசலை ஏற்றிச் சாற்றை மறுமுனையில் வெளியே தள்ளுவது. சில மணி நேரத்தில் முடியும். ஆனால் வெட்டிய அன்றைக்கே செய்யவேண்டும், தாமதித்தால் குழாய்கள் அடைத்துக்கொள்ளும். கட்டுமான மூங்கிலைப் பதப்படுத்த இந்தியத் தர நிர்ணயத்தில் தனி நெறிமுறையே உண்டு, ஐ.எஸ். 9096. எங்களிடம் அழுத்தக் கருவி இல்லை, பாசனத் தொட்டி இருந்தது.

தொட்டியைக் காலிசெய்யும்போது ஒரு சண்டை. கரைசலைத் தென்னைக்கு விட்டுவிடலாமே, போரான்தானே என்றார் தோட்டத்து ஆள். ஒரு மரத்துக்கு வருடத்துக்குக் கிராம் கணக்கில் போடுகிற சரக்கு, தொட்டியில் கிலோ கணக்கில் இருக்கிறது. பயிருக்குப் போரானில் பற்றாக்குறைக்கும் நஞ்சுக்கும் நடுவில் இடைவெளி குறுகல். பீப்பாய்களில் அடைத்து அடுத்த வேலைக்கு எடுத்துப் போனேன்.

கழிகளை ஒரு வாரம் தார்ப்பாய்க்குள் மூடி ஈரமாகவே வைத்தோம், உப்பு உள்ளே பரவட்டும் என்று. பிறகு நிழலில் நிறுத்திக் காயவைத்து மாசிக் கடைசியில் கூரை ஏற்றினோம். போரான் தண்ணீரில் கரைந்து வெளியேறிவிடும் சரக்கு, மழைபடும் இடத்தில் அது நிற்காது. அதனால் கூரையின் இறவாணத்தை இரண்டடி நீட்டினோம். மஞ்சள் மூங்கில் இந்த முறை வாசலில் செடியாக மட்டும். விறகையும் பழைய கூடைகளையும் தோப்பின் மறுகோடிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். விறகு போனது, கூடைகளில் இரண்டு சமையலறைக்குத் திரும்பி வந்துவிட்டன.

அடுத்த ஆடியில் மறுபடி போய்க் கறுப்புத் தாள் விரித்தேன். ஊசி போட்ட பழைய கால்களில் இரண்டின் கீழ் கூம்பு இருந்தது, எதிர்பார்த்ததுதான். புதுச் சட்டங்களிலும் இரண்டின் கீழ் இருந்தது, அதை நான் எதிர்பார்க்கவில்லை. கழற்றி இறக்கிக் குறுக்கே அறுத்தோம். போரானைக் காட்ட ஒரு எளிய சோதனை உண்டு. மஞ்சளைச் சாராயத்தில் ஊறவைத்து எடுத்த சாற்றை வெட்டுமுகத்தில் தடவிக் காயவிட்டு, மேலே அமிலக் கரைசல் தடவினால், போரான் ஏறிய இடம் சிவக்கும், ஏறாத இடம் மஞ்சளாகவே நிற்கும். முழு வட்டமும் சிவக்கவேண்டியது. அந்த இரண்டு கழியிலும் வட்டத்தின் கீழ்ப்பாதி குங்குமமாகச் சிவந்தது, மேல்பாதி மஞ்சளாகவே நின்றது. வண்டின் துளை முழுக்க மஞ்சள் பாதியில். மூங்கில் மிதக்கும். அந்தத் தவணையில் மேலே ஏற்றிய கல் போதாமல் இரண்டு கழிகள் பாதி முதுகைத் தண்ணீருக்கு வெளியே காட்டிக்கொண்டே இரண்டு வாரம் கிடந்திருக்கின்றன, யாரும் கவனிக்கவில்லை. இப்போது தொட்டியின் இரண்டு சுவருக்கும் குறுக்கே இரும்புக் குழாய் மாட்டி, அதற்கு அடியில்தான் கழிகளைச் செருகுகிறோம்.